மரத்தூளும் பிளாஸ்டிக்கும்: ஒட்டினால்தான் உறுதி

வன்னியில் ஒரு வீட்டுத்திட்ட வீட்டுக்குப் போயிருந்தேன். குளியலறைக் கதவு நிலையைத் தட்டிக் காட்டி அந்த வீட்டு அக்கா கேட்டார்: "தம்பி, இது மரமோ பிளாஸ்டிக்கோ? முதிரைக்குக் காசு காணாமல் இதை வாங்கினனான். எத்தினை வருசம் நிக்கும்?"

இரண்டும்தான் என்றேன். மற்றக் கேள்விக்குப் பதில் தேடியபோது அறிந்தவை இவை.

டபிள்யூ.பி.சி. என விற்கப்படுவது மரத்தூளையும் உருக்கிய பிளாஸ்டிக்கையும் கலந்து வார்க்கும் பலகை. கறையான் இதை மரத்தைப் போல இலகுவில் அரிக்காது. ஆனால் மரநார் தண்ணீரை இழுக்கும். பொலிஎதிலீன், பொலிபுரொப்பிலீன் போன்ற பிளாஸ்டிக்குகள் இழுக்காது. வெறுமனே கலந்தால் இரண்டும் பிடிப்பில்லாமல் கிடக்கும். பாரம் ஏறும்போது அந்த இடைவெளியில்தான் வெடிப்புத் தொடங்கும். ஈரமும் அவ்வழியே நுழையும்.

இதற்காகவே இணைப்புப் பொருள் சேர்க்கிறார்கள். பரவலானது, மலெயிக் அன்ஹைட்ரைட் பிணைத்த பொலிபுரொப்பிலீன். அதன் ஒரு பகுதி மரநாருடன் இரசாயனமாகப் பிணையும். நீண்ட சங்கிலி பிளாஸ்டிக்குடன் பின்னிக்கொள்ளும். மொத்த எடையில் 2 முதல் 5 சதவீதம் சேர்த்தாலே இழுவை வலிமையும் வளைவு வலிமையும் கூடும். நீர் உறிஞ்சுவது குறையும். பி.வி.சி. கலவைக்கு வேறு வகை இணைப்புப் பொருள் வேண்டும்.

மரத்தூளை நன்றாக உலர்த்துவதும் முக்கியம். ஈரமிருந்தால் உருக்கும்போது நீராவியாகி உள்ளே துளைகள் விழும். மாத்தூள் போன்ற மரத்தூள் விறைப்பைத்தான் கூட்டும். வலிமைக்கு நீண்ட நார் நல்லது. ஏறத்தாழ 200 பாகை செல்சியசுக்கு மேல் மரம் கருகத் தொடங்கும். தண்ணீர்ப் போத்தல் பிளாஸ்டிக் உருக 250 பாகையளவு வேண்டும் என்பதால், சேர்த்த போத்தல்களை வழமையான முறையில் இதற்குப் பயன்படுத்துவது கடினம்.

எவ்வளவு நன்றாகச் செய்தாலும், நீண்டகாலப் பாரத்தில் இது மெல்ல மெல்ல வளையும். வெயிற்சூடு அதை விரைவுபடுத்தும். ஆகவே கதவு நிலைக்குச் சரி. கூரைக்குத் தீராந்தியாகப் போடக்கூடாது.

வாங்கும்போது வெட்டுமுகத்தைப் பாருங்கள். பெரிய துளைகள், கட்டிபட்ட தூள் இருந்தால் வேண்டாம். துண்டொன்றை நிறுத்து, சில நாட்கள் தண்ணீரில் ஊறவைத்து, துடைத்து மீண்டும் நிறுங்கள். இரண்டு கடைத் துண்டுகளில் குறைவாக எடை ஏறுவதே நம்பகமானது.

அக்காவின் நிலையின் வெட்டுமுகம் சீமெந்துக்குள் போய்விட்டது. அடுத்த கதவுக்கு முதலில் ஒரு துண்டு கேட்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன்.