துண்டுக்குள் விரலும் 29-ம் நம்பர் படிவமும்

கொல்லிமலை என்றதும் எல்லோருக்கும் வல்வில் ஓரியும் 70 கொண்டை ஊசி வளைவுகளும்தான் ஞாபகம் வரும். எனக்கு ஒரு பழைய டிராக்டர் டிரெய்லர் ஞாபகம் வருகிறது! செம்மேடு பக்கம் என் மாமா மரவள்ளிக்கிழங்கு ஏற்ற வைத்திருந்தார். போன மாதம் தெரிந்தவர் ஒருவருக்கு விற்றார். பணத்தை எண்ணி வாங்கினார், ஆர்.சி. புத்தகத்தைக் கொடுத்தார். "அவ்வளவுதானே, வேறென்ன எழுத்து வேணும்?" என்றார். அதற்குப் பதில் தேடியபோது கொஞ்சம் சரித்திரமும் கிடைத்தது.

நம் மாட்டுச் சந்தைகளில் தரகர் துண்டால் கையை மூடிக்கொண்டு விரலைத் தொட்டு விலை பேசுவார். பணம் கொடுத்து, கயிறு கைமாறினால் மாடும் கைமாறியது. தரகரும் சுற்றி நின்றவர்களும்தான் சாட்சி. மாட்டுக்கு அது போதும். அது யார் மாடு என்று எந்த ஆபீசிலும் பதிவு இல்லையே!

மோட்டார் வந்ததும் கதை மாறிவிட்டது. 1914-ல் இந்திய மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. வண்டியைப் பதிவு செய்வது உரிமையாளரின் கடமை ஆனது. பிறகு 1939-ல் விரிவான சட்டம். இன்று நடப்பில் இருப்பது 1988-ம் வருடச் சட்டம். 1989 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. இந்தச் சட்டப்படி டிரெய்லரும் 'மோட்டார் வாகனம்'தான். எஞ்சின் இல்லாவிட்டாலும் அதற்குத் தனிப் பதிவு எண் உண்டு. அதை இழுக்கும் டிராக்டரின் எண்ணையும் டிரெய்லரில் எழுத வேண்டும். ஆகவே பழைய டிரெய்லர் வாங்குபவர், பின்னால் தெரியும் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. டிரெய்லரின் சொந்த எண் பக்கவாட்டில் இருக்கும், ஆர்.சி.யோடு ஒப்பிட வேண்டியது அதைத்தான்.

சரி, விற்றால்? 50-வது பிரிவு சொல்கிறது: ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாட்களுக்குள். விற்பனை அறிவிப்புக்கு 29-ம் நம்பர் படிவம், பெயர் மாற்றத்துக்கு 30-ம் நம்பர் படிவம். தேதி, நேரம் போட்டு இருவரும் கையெழுத்திடும் டெலிவரி நோட் நல்ல சாட்சிதான். ஆனால் அதனால் மட்டும் ஆர்.சி.யில் பெயர் மாறாது.

மாறாவிட்டால் என்ன ஆகும்? ஒரு கார் 2007-ல் விற்கப்பட்டு, பல கைகள் மாறி, 2009-ல் விபத்துக்குள்ளானது. ஆர்.சி.யில் முதல் ஆளின் பெயரே இருந்தது. நஷ்டஈட்டுக்கு அவர்தான் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காரை விற்று இரண்டு வருடம் ஆகியிருந்தும்!

இதை மாமாவிடம் சொன்னேன். பாரம் ஏற்றிய டிரெய்லர் மலைச்சரிவில் பிடிநழுவினால் என்ன ஆகும் என்று அவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மறுநாளே வாங்கியவரைக் கூட்டிக்கொண்டு மலை இறங்கிவிட்டார். அன்று 13-வது நாள்.

சந்தையில் சாட்சி சொல்ல ஊரே இருந்தது. டிரெய்லருக்கு அந்தப் படிவம்தான் ஊர்.