அக்டோபர் 2 லீவு: யாருக்காக, அன்று உங்களுக்கு என்ன உரிமை?

புது வருஷ காலண்டர் வந்ததும் அக்டோபர் 2 என்ன கிழமை என்று பார்ப்பவரா நீங்கள்? வெள்ளி என்றால் ஊருக்கு டிக்கெட், ஞாயிறு என்றால் ஒரு பெருமூச்சு. காந்தி ஜெயந்தி என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த ஒரு தேதிக்குள் மூன்று தலைவர்கள் இருக்கிறார்கள், உங்களுக்கான ஒரு சட்ட உரிமையும் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஏன் இந்த நாள் மட்டும் தனி?

நாடு முழுக்கக் கடைப்பிடிக்கப்படும் தேசிய விடுமுறைகள் மூன்று: ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. முதல் இரண்டும் நாட்டின் வரலாற்றில் நடந்த நிகழ்வுகளுக்கானவை. மூன்றாவது மட்டும்தான் ஒரு தனி மனிதரின் பிறந்தநாள். நேரு பிறந்த நவம்பர் 14 குழந்தைகள் தினம்தான், ஆனாலும் ஆபீஸ் உண்டு. காந்தி சுட்டுக் கொல்லப்பட்ட ஜனவரி 30 தியாகிகள் தினம். அன்று காலை 11 மணிக்கு இரண்டு நிமிட மௌனம், லீவு கிடையாது.

1869-ல் போர்பந்தரில் பிறந்த காந்தி, எந்த அரசுப் பதவியிலும் இருந்ததில்லை. 1947 ஆகஸ்ட் 15 அன்று டெல்லியில் கொடியேற்றம் நடந்தபோது அவர் அங்கே இல்லை. மதக் கலவரத்தால் காயப்பட்டிருந்த கல்கத்தாவில் உண்ணாவிரதம் இருந்தார். அவர் பிறந்தநாளை 2007-ல் ஐ.நா. பொதுச்சபை உலக அகிம்சை தினமாக அறிவித்தது.

மற்ற இருவர் யார்?

லால் பகதூர் சாஸ்திரி பிறந்ததும் அக்டோபர் 2-தான், 1904-ல். அவரை நாம் பிரதமராக மட்டுமே ஞாபகம் வைத்திருக்கிறோம். 1956 நவம்பரில் நம்ம அரியலூர் அருகே ரயில் ஆற்றுக்குள் கவிழ்ந்து பெரும் உயிரிழப்பு ஏற்பட்டது. அப்போது ரயில்வே அமைச்சராக இருந்த சாஸ்திரி, தார்மிகப் பொறுப்பேற்று ராஜினாமா செய்தார்.

மூன்றாமவர் காமராஜர். 1975-ல் அவர் இறந்தது காந்தி ஜெயந்தி அன்று. அதற்குச் சரியாக 12 வருஷம் முன்பு, 1963 அக்டோபர் 2-ல்தான், கட்சிப் பணிக்காக முதலமைச்சர் பதவியை விட்டு அவர் விலகினார். மூத்தவர்கள் பதவியை விட்டுக் கட்சி வேலைக்குத் திரும்ப வேண்டும் என்ற 'கே பிளான்' அவருடையது. நேரு மறைந்த பிறகு, 1964-ல் சாஸ்திரி பிரதமராகத் தேர்வானதில் காமராஜருக்கு முக்கியப் பங்கு உண்டு.

ஒருவர் அரசுப் பதவிக்கே போகவில்லை. மற்ற இருவரும், கையில் இருந்த பதவியைத் தாங்களே விட்டுவிட்டு வந்தவர்கள். இந்த நாளுக்கு ஒரே வரியில் அர்த்தம் சொல்லச் சொன்னால், இதைச் சொல்லலாம்.

சரி, பிரைவேட் கம்பெனியில் லீவு கட்டாயமா?

தனியார் நிறுவனங்களின் தேசிய விடுமுறைக்கு நாடு முழுமைக்குமான ஒரே சட்டம் இல்லை. பல மாநிலங்களில் தனித்தனிச் சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1958-ம் ஆண்டின் தொழில் நிறுவனங்கள் (தேசிய மற்றும் பண்டிகை விடுமுறைகள்) சட்டம். அதன்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களும், கூடவே ஐந்து பண்டிகை நாட்களும் சம்பளத்தோடு விடுமுறை. கர்நாடகம், கேரளத்திலும் இதுபோன்ற சட்டங்களில் அக்டோபர் 2 உண்டு.

'கிளையன்ட்டுக்கு அன்று வேலை நாள், நீங்க வரணும்' என்று சொன்னால்? வரச் சொல்லலாம். ஆனால் சும்மா இல்லை. தமிழ்நாட்டுச் சட்டப்படி அன்று வேலை பார்த்தால் இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் சம்பள விடுமுறை. இரண்டில் எது என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. எனவே உங்கள் பதவியும் வேலையும் எந்த வகையில் வருகிறது என்று பார்த்துவிட்டு, ஹெச்.ஆரிடம் மெயிலில் கேளுங்கள். வாய்மொழி பதிலை மட்டும் நம்ப வேண்டாம்.

அன்று என்ன திறந்திருக்கும்?

வங்கிகள், பங்குச் சந்தை, டாஸ்மாக் எல்லாம் மூடியிருக்கும். யு.பி.ஐ. வழக்கம்போல ஓடும். ஆனால் செக் கிளியர் ஆக அடுத்த வேலை நாள் வரை காத்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் நாட்களில் அக்டோபர் 2-ம் ஒன்று. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். லீவுக்கு ஊருக்குப் போகிறீர்களா, ஓட்டு இன்னும் அங்கேயே இருக்கிறதா? அப்படியானால் ஊராட்சியின் வரவு செலவை நேரில் கேட்கலாம், தண்ணீர், தெருவிளக்கு பற்றிக் கேள்வி எழுப்பலாம்.

அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். மீதி நாள் முழுக்க உங்களுடையதுதான், தாராளமாகத் தூங்குங்கள்.