கச்சான் என்னும் காற்று

பதுளைக் கடையில் கச்சான் கேட்டால் வறுத்த நிலக்கடலைதான் கிடைக்கும். அகராதியைக் கேட்டால் அது மேல்காற்று என்கிறது. வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று திசைக்கொரு பெயரிட்டுக் காற்றை அழைப்பது கரையோர மக்களின் வழக்கம். கடலில் கச்சான் வெறும் திசைப்பெயர். இலங்கைத் தீவின் கிழக்கே பொருள் சுருங்கிவிட்டது: மழை தராமல் உலர்த்திப் போகும் சூட்டுக்காற்றே அங்கு கச்சான். சிங்களமும் வானிலையியலும் அதை அப்படியே எடுத்துக்கொண்டன. மலைக்கு அந்தப் பக்கம் அதே காற்றுக்குப் பெயர் தென்மேற்குப் பருவக்காற்று.

சுருங்கியதன் காரணம் முகட்டில் இருக்கிறது. மேற்குச் சரிவில் ஏறும் ஈரக்காற்று மேகமாகும்போது நீராவி தன் சூட்டை விட்டுவிடுகிறது. அதனால் 1000 மீற்றருக்கு ஏறத்தாழ 6 பாகைதான் குளிர்கிறது. மழையை இறக்கிவிட்டுக் கிழக்கே ஊவாப் பக்கம் இறங்கும்போதோ 10 பாகை சூடேறுகிறது. பட்டிப்பொலைக்கும் ஒஹியவுக்கும் இடையிலுள்ள ரயில் சுரங்கத்தில் ஒரு வாயில் தூறலாகவும் மறுவாயில் வெயிலாகவும் இருப்பதுண்டு.

இறங்குமுன் அந்த ஈரத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொள்வது ஹோட்டன் சமவெளியின் முகில்காடு. மரங்கள் குட்டை, கோணல், கிளையெல்லாம் பாசி. மழையில்லாத நாளிலும் பாசியும் இலையும் மூடுபனியைத் துளியாக்கி மண்ணில் சொட்டவிடும். மூக்கில் கொம்பு முளைத்த ஓணான் இந்த ஈரக் கிளைகளில்தான் வாழ்கிறது. சிங்களத்தில் நெலு எனப்படும் குறிஞ்சியினம் பல்லாண்டுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூக்கும்.

பழந்தமிழில் மேல்காற்றின் பெயர் கோடை. வெப்பக்காலத்தின் பெயரும் அதுவே. மேற்குத் தொடர்ச்சி மலையில் மழையை விட்டுவிட்டுத் தமிழ்நாட்டில் வறண்டு இறங்கும் காற்று அல்லவா! அங்கே திசையும் வெக்கையும் ஒரே சொல்லில் ஒட்டியதுபோலவே கச்சானிலும் ஒட்டின என்பது என் கருத்து. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கைத் தோட்டங்களுக்குக் கூட்டிவரப்பட்டவர்களில் பெரும்பாலோர் திருச்சி, புதுக்கோட்டை, சேலம் என்று அந்தக் கோடை வீசும் உள்நாட்டுக்காரர்கள். கச்சான் அவர்கள் கொண்டுவந்த சொல்லாக இருந்திருக்க முடியாது. காற்று மட்டும் பழகியது.

யூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் வீசுகையில் தேயிலைச் செடி வாடும், கொழுந்து குறையும், மணமோ ஏறும். அந்த மணத்தில் முக்கியமானது மெதில் சலிசிலேற்று: சுளுக்குத் தைலத்தில் இருக்கிறதே, அதே பொருள். தேயிலை வணிகத்தில் இந்த மாதங்களுக்குக் கச்சான் என்ற பெயரில்லை. ஊவா சீசன் என்பார்கள்.