கண்ணாடியிற் சமைந்த உயிர்கள்: நிறமும் உண்மையும்

அலங்காரக் கலைகளின் வரலாற்றை எழுதுவோர் கண்ணாடியைக் கிண்ணம், சரவிளக்கு, மணி என்னும் வரிசையில் வைத்துப் பேசி முடித்துவிடுவது வழக்கம். இவ்வரிசைக்குள் அடங்காத ஒரு மரபு 19ஆம் நூற்றாண்டில் ஜேர்மனியின் டிறெஸ்டன் நகரில் உருவாயிற்று. பொகீமியாவிற் பிறந்த லியோபோல்ட் பிளாஷ்கா (1822–1895) கண்ணாடி அணிகலன் செய்யும் குடும்பத்தவர். செயற்கைக் கண்களும் செய்தவர். 1853இல் அமெரிக்கா நோக்கிச் சென்ற அவரது கப்பல் காற்றின்றி நின்றபோது, கடலில் ஒளிர்ந்த இழுதுமீன்களை அவர் கூர்ந்து நோக்கி வரைந்தார். பத்தாண்டுகளின் பின் டிறெஸ்டன் இயற்கை வரலாற்று நூதனசாலைக்குக் கடல் அனிமனிகளைக் கண்ணாடியிற் செய்தளித்தார்.

நூதனசாலைகளுக்கு இவை தேவைப்பட்டமைக்குத் தெளிவான காரணம் உண்டு. மெல்லுடல் கொண்ட கடல்வாழ் உயிர்களை மதுசாரத்தில் இட்டால் நிறம் வெளிறும், உருவமும் குலையும். இறந்த உடல் இழந்துவிட்ட நிறத்தைக் கண்ணாடி மீட்டளித்தது. ஆகவே பிளாஷ்காவின் கைவினையில் நிறம் வெறும் அழகன்று. அது விலங்கியற் சான்றாகும்.

லியோபோல்டும் மகன் றுடோல்பும் (1857–1939) ஹாவாட் பல்கலைக்கழகத்துக்கெனத் தாவர மாதிரிகளைச் செய்தனர். 1887இல் தொடங்கிய அப்பணி 1936 வரை நீடித்தது. ஏறத்தாழ 780 இனங்களுக்குரிய 4,300 மாதிரிகள் உருவாயின. மேசை விளக்கின் சுவாலையிற் கண்ணாடிக் கோலை இளக்கி, காலால் மிதிக்கும் துருத்தியால் வெப்பத்தைக் கட்டுப்படுத்தியதன்றி மறைபொருள் எதுவும் அவர்களிடம் இருக்கவில்லை. எனினும், இழந்துபோன இரகசியம் என்ற கதை இன்றும் வழங்குகிறது. தலைமுறைகளாகத் தேர்ந்த கையைப் புரிந்துகொள்வதிலும் பார்க்க இரகசியத்தை நம்புவது எளிது போலும்! றுடோல்ப் தமது முதுமையில் அழுகிய பழங்களையும் நோயுற்ற இலைகளையும் செய்தார் என்பது மனங்கொளத்தக்கது. அழகிய மலரையே நாடும் அலங்காரக் கலைஞன் தேர்ந்தெடுக்கும் பொருளன்று அது.

இம்மரபினை நம் காலத்தில் மறுவாசிப்புக்கு உட்படுத்தியவர்களுள் பிரித்தானியக் கலைஞர் லூக் ஜெறம் குறிப்பிடத்தக்கவர். 2004 முதல் அவர் பிறிஸ்ரல் பல்கலைக்கழக வைரசு ஆய்வாளர் ஒருவரின் ஆலோசனையுடனும், கண்ணாடி ஊதும் வினைஞர்களின் துணையுடனும் எச்.ஐ.வி., பெரியம்மை முதலிய வைரசுக்களைப் பன்மடங்கு பெருப்பித்துச் செய்து வந்துள்ளார். பிளாஷ்காக்கள் நிறத்தைச் சேர்த்தனர். ஜெறமோ அதனை முற்றாக நீக்கினார்.

இம்முரண் மேலோட்டமானதே. கட்புலனாகும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நனோமீற்றர் வரையாகும். எச்.ஐ.வி. வைரசின் விட்டமோ சுமார் 120 நனோமீற்றர். நாம் நிறமெனக் காண்பது அத்தகைய தனி வைரசொன்றுக்குப் பொருந்தாது. இலத்திரன் நுணுக்குக்காட்டி தருவதும் கறுப்பு வெள்ளைப் படமே. பத்திரிகைகளில் தோன்றும் சிவப்பும் பச்சையும் பின்னர் ஊட்டப்பட்டவை. எது விளக்கத்துக்காக ஊட்டப்பட்டது, எது அச்சமூட்ட ஊட்டப்பட்டது என்பதைப் பொதுமக்கள் அறியார். நிறக்குருடராகிய ஜெறம் இவ்வினாவை எழுப்பியமை வியப்பன்று. ஆக, ஒருவர் நிறத்தைச் சேர்த்ததும் மற்றவர் நீக்கியதும் ஒரே நேர்மையின் பாற்பட்டன.

கைவினை இங்கு அறிவியலின் ஏவலாளாக மட்டும் நிற்கவில்லை. படத்தில் மங்கலாக விடக்கூடிய பகுதியைக் கண்ணாடியில் மங்கலாக விட முடியாது. ஒவ்வோர் இழைக்கும் ஓர் இடம் வேண்டும். வைரசின் உறைக்குள் மரபுப்பொருள் எவ்வாறு அமைந்துள்ளது என ஜெறம் வினவியபோது, ஆய்வாளரிடம் உறுதியான விடை இருக்கவில்லை. வேறு சில வடிவங்கள் அறிவியலுக்கு இயைந்தும், ஈர்ப்பினாலும் கண்ணாடியின் நொய்மையாலும் செய்ய முடியாதனவாயின.