தறிக்கும் தொழிலுக்கும் ஒரே சொல்

என் பேத்தி ஒரு தொழிற்சாலையில் 'ஃபுல் ஸ்டாக்' மென்பொருள் பொறியாளராக இருக்கிறாள். பொங்கலுக்கு வந்திருந்தபோது, அப்படியென்றால் என்னம்மா என்று கேட்டேன்.

"தொழிலாளி பார்க்கிற திரை, அதற்குப் பின்னால் கணக்குப் போடுகிற புரோகிராம், எண்களைச் சேர்த்து வைக்கிற இடம், மெஷினிலிருந்து தகவல் வருகிற வழி, எல்லாவற்றையும் ஒரே ஆள் பார்ப்பது தாத்தா" என்றாள்.

எனக்கு உடனே ஜக்கார் நினைவுக்கு வந்தார். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்குச் சின்ன வயதிலேயே பழகிய பெயர் அது. நம் நெசவாளர் ஜக்கார்டு என்பது அவர் பெயரைத்தான்.

ஜோசப் மரி ஜக்கார் 1752-இல் லியோன் நகரில் ஒரு பட்டு நெசவாளரின் மகனாகப் பிறந்தார். அக்காலத்தில் பூவேலைப் பட்டு நெய்ய, நெசவாளரைத் தவிர கயிறு இழுக்க ஒரு பையனும் வேண்டும். ஊடை ஒவ்வொன்றுக்கும் எந்தெந்தப் பாவு இழை மேலே எழ வேண்டுமோ அந்தக் கயிறுகளை அவன் இழுக்க வேண்டும். ஒன்று தவறினால் பூ கெட்டுவிடும்.

இதற்கு வழி தேடியவர்கள் பலர். 1725-இல் பூஷோன் துளையிட்ட காகிதச் சுருளைப் பயன்படுத்தினார். அடுத்து ஃபால்கோன் அதை அட்டைகளாக்கினார். 1745-இல் வோக்கான்சோன் தானே இயங்கும் தறி ஒன்றைச் செய்தார். இயந்திர வாத்து செய்து பாரிஸை வியக்க வைத்த மேதை அவர். ஆனால் அவர் தறி லியோன் பட்டறைகளில் நிலைக்கவில்லை.

பிற்பாடு பாரிஸில் அந்தத் தறியைப் பார்த்த ஜக்கார், முன்னவர்களின் யோசனைகளை ஒன்றுசேர்த்து 1804-இல் தம் கருவியை முடித்தார். ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. துளை இருந்தால் ஊசி உள்ளே போகும், இழை எழும். துளை இல்லாவிட்டால் எழாது. எவ்வளவு பெரிய பூவானாலும் அட்டைகளைக் கோத்துக்கொண்டே போகலாம். அவருடைய உருவத்தையே பட்டில் நெய்தபோது சுமார் 24,000 அட்டைகள் தேவைப்பட்டனவாம். இங்கிலாந்தின் பாபேஜ் தம் கணக்கு இயந்திரத்துக்கு அட்டை யோசனையை எடுத்துக்கொண்டது இங்கிருந்துதான்.

முன்னவர்களுக்கு அறிவு குறைவில்லை. ஆனால் ஜக்காருக்குப் பட்டறை பிறந்த வீடு. அட்டை முதல் இழை வரை அவருக்குத் தெரியும்.

ஆனாலும் கதை அங்கே இனிதாக முடியவில்லை. கயிறு இழுத்த பையன்களுக்கு வேலை போயிற்று. லியோன் நெசவாளர் சிலர் அந்தத் தறிகளை உடைத்தார்கள். 1831-இல் கூலி போதாமல் நெசவாளர் கிளர்ந்தெழுந்தபோது ஊரில் ரத்தம் சிந்தியது. தறி நன்றாக ஓடியது; அதில் வந்த லாபம் நெய்தவன் வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை.

இதையெல்லாம் சொன்னபோது பேத்தி சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு தன் கதையைச் சொன்னாள். அவள் முதலில் செய்த திரையை யாரும் தொடவில்லையாம். ஷிப்டு முடிந்ததும் எல்லோரும் பழையபடி நோட்டில் எழுதினார்களாம். ஒரு வாரம் மெஷின் பக்கத்திலேயே நின்று பார்த்த பிறகுதான் புரிந்ததாம். கையுறை போட்ட விரலுக்கு அவள் வைத்த பொத்தான்கள் மிகச் சிறியவை.

"சரி, நோட்டில் எழுதிக்கொண்டிருந்தவருக்கு இப்போது என்ன வேலை?" என்று கேட்டேன். ஆயுள் முழுக்க ரிஜிஸ்டர் எழுதிய குமாஸ்தா நான், கேட்காமல் இருக்க முடியுமா? "விசாரித்துச் சொல்கிறேன் தாத்தா" என்றாள். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

பிரெஞ்சு மொழியில் தறிக்கும் 'மெத்தியே', பிழைக்கிற தொழிலுக்கும் 'மெத்தியே'. ஒன்றில் கை வைப்பவர் மற்றதிலும் கை வைக்கிறார்.