ஐந்து மண்டலங்கள், ஐந்து திடல்கள்: இந்திய கிரிக்கெட்டின் பங்கீட்டு வரலாறு

1958ஆம் ஆண்டின் இறுதி முதல் 1964ஆம் ஆண்டின் தொடக்கம் வரை இந்திய மண்ணில் ஐந்து டெஸ்ட் தொடர்கள் நடந்தன. மேற்கிந்தியத் தீவுகள், ஆஸ்திரேலியா, பாகிஸ்தான் ஆகிய அணிகள் ஒரு முறையும் இங்கிலாந்து இரு முறையும் வந்து சென்றன. ஒவ்வொரு தொடரிலும் ஐந்து போட்டிகள். ஆக மொத்தம் 25. இந்த 25 போட்டிகளும் பம்பாய், கல்கத்தா, மதராஸ், தில்லி, கான்பூர் என்னும் ஐந்து நகரங்களிலேயே நடந்தன. எந்தத் தொடரிலும் இவற்றுள் ஒரு நகரம் விடுபடவில்லை. எந்த நகரத்துக்கும் ஒரே தொடரில் இரண்டு போட்டிகள் கிடைக்கவுமில்லை.

இந்த ஒழுங்கு தற்செயலானதன்று. 1950களில் ரஞ்சிக் கோப்பைப் போட்டிகள் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, மத்தியம் என ஐந்து மண்டலங்களாகப் பகுக்கப்பட்டிருந்தன. அதே மண்டலங்கள் தமக்குள் மோதும் துலீப் கோப்பை 1961-62இல் தொடங்கியது. தில்லி வடக்கின் திடல். மதராஸ் தெற்கின் திடல். கல்கத்தா கிழக்குக்கு, பம்பாய் மேற்குக்கு, கான்பூர் மத்திய மண்டலத்துக்கு. மண்டலத்துக்கு ஒரு தேர்வாளர் என்ற வழக்கமும் பின்னர் இதே வரைபடத்தின் மீது நிலைபெற்றது. ஆட்டக்காரரைத் தேர்ந்த வரைபடமும் ஆடுகளத்தைத் தேர்ந்த வரைபடமும் ஒன்றே என்பதை மறந்துவிட்டால் இந்திய கிரிக்கெட் ரசிகரின் இரு நிரந்தரப் புகார்களை விளங்கிக்கொள்ள இயலாது. 'எங்கள் ஊர் ஆட்டக்காரருக்கு ஏன் இடமில்லை?' என்பது முதல் புகார்; 'எங்கள் ஊருக்கு ஏன் டெஸ்ட் வரவில்லை?' என்பது இரண்டாவது. இரண்டுக்கும் வேர் ஒன்று.

மண்டல முறையை இன்று குறை கூறுவது எளிது. அதற்கு முன்பு இருந்தவை எவை என்று பார்த்தால்தான் அதன் இடம் தெரியும். பம்பாயில் இந்துக்கள், முஸ்லிம்கள், பார்சிகள், ஐரோப்பியர்கள் என மதத்தாலும் இனத்தாலும் அணிகள் பிரிந்து ஆடிய காலத்தில், ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த பல்வங்கர் பாலு இந்துக்கள் அணியின் தலைசிறந்த இடக்கைச் சுழற்பந்து வீச்சாளராக விளங்கினார். 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்காக நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆயினும் இந்துக்கள் அணியின் தலைமைப் பொறுப்பு அவருக்குக் கிட்டவேயில்லை. அவருடைய தம்பி விட்டலுக்குத்தான் 1923இல் அது வாய்த்தது. அடுத்து வந்தது அரச குடும்பங்களின் காலம். 1932இல் இந்தியாவின் முதல் டெஸ்டுக்கு அணியை அழைத்துச் சென்ற போர்பந்தர் மகாராஜா தம் திறமையின் எல்லையை உணர்ந்து லார்ட்ஸ் திடலில் சி.கே. நாயுடுவுக்கு வழிவிட்டார். 1936இல் தலைமையேற்ற விஜயநகரம் மகாராஜகுமாரிடம் அந்தத் தன்னுணர்வு இல்லை. அந்தச் சுற்றுப்பயணத்தில்தான் லாலா அமர்நாத் முதல் டெஸ்டுக்கு முன்பே தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்.

திடல்களின் கதையும் இதற்கு இணையாகவே சென்றது. 1933-34இல் ஜார்டின் தலைமையிலான இங்கிலாந்து அணி இந்தியாவில் ஆடிய மூன்று டெஸ்டுகளும் பம்பாய், கல்கத்தா, மதராஸ் என்னும் மூன்று மாகாணத் தலைநகரங்களில் நடந்தன. ஆங்கிலேய ஆட்சியின் நிர்வாக வரைபடமே முதல் டெஸ்ட் வரைபடமாயிற்று. விடுதலைக்குப் பின் 1948இல் தில்லியும் 1952இல் கான்பூரும் சேர்ந்தபோது ஐந்து நகரப் பட்டியல் நிறைவுற்றது. மதமும் அரச மரபும் வகுத்த பிரிவுகளுக்குப் பதிலாக நிலப்பரப்பை அடிப்படையாகக் கொண்டது அன்றைய சூழலில் ஒரு முன்னேற்றமே.

முன்னேற்றத்துக்கும் ஒரு விலை இருந்தது. நிலப்பரப்பைப் பங்கிடுவோர் கையில் அணியும் சிக்கியது. 1958-59இல் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான ஐந்து டெஸ்டுகளில் இந்தியாவுக்கு நான்கு தலைவர்கள். பம்பாயில் பாலி உம்ரிகர். கான்பூரிலும் கல்கத்தாவிலும் குலாம் அகமது. மதராஸில் மீண்டும் உம்ரிகர் என்று முடிவாகியிருந்தது. அணித் தேர்வில் எழுந்த பிணக்கால் போட்டிக்கு முந்தைய இரவு அவர் பதவி விலகினார். மறுநாள் வினூ மன்கட் தலைமையேற்றார். தில்லியில் ஹேமு அதிகாரி. நகரங்களின் வரிசை குலையவில்லை, அணிதான் குலைந்தது.

மண்டல உணர்வின் சிக்கலையும் ரசிகரின் மனப்போக்கையும் ஒருங்கே காட்டுவது 1969ஆம் ஆண்டு. ஆஸ்திரேலியாவுக்கு எதிரான பம்பாய் டெஸ்டுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட அணியில் மதராஸின் வெங்கட்ராகவன் இல்லை. எதிர்ப்பு எழுந்தது. வங்காள வேகப்பந்து வீச்சாளர் சுப்ரதோ குஹா விலகி வழிவிட, வெங்கட்ராகவன் சேர்க்கப்பட்டார். கிழக்கின் ஒருவர் விலகித் தெற்கின் ஒருவர் நுழைந்தார் என்று மண்டலக் கணக்கில் இதை எழுதிவிடலாம். ஆனால் அதே போட்டியில், வெங்கட்ராகவன் விக்கெட் காப்பாளரிடம் பிடி கொடுத்து ஆட்டமிழந்ததாக நடுவர் தீர்ப்பளித்தபோது பிரபோர்ன் அரங்கில் கலகம் மூண்டது, இருக்கைகள் எரிந்தன. கலகம் செய்தவர்கள் பம்பாய் ரசிகர்கள். அவர்கள் நியாயம் கேட்டது ஒரு மதராஸ்காரருக்கு. வாரியத்தின் கணக்கேட்டில் மண்டலங்கள் பிரிந்தே இருந்தன. பார்வையாளர் வரிசையில் அவை ஏற்கெனவே கரைந்திருந்தன. வன்முறையை நியாயப்படுத்த இயலாது. எனினும் அந்த வெகுளியின் திசை கவனிக்கத் தக்கது. அதே தொடரில், டிசம்பர் மாதம் கல்கத்தாவின் ஈடன் தோட்டத்தில், அனுமதிச்சீட்டுக்கான நெரிசலில் ஆறு பேர் உயிரிழந்தனர். டெஸ்ட் போட்டிக்கு ஓர் இருக்கை என்பது உயிரைப் பணயம் வைக்கத் தக்கதாக இருந்த காலம் அது.

பம்பாயில் அந்த இருக்கைக்காக ஓர் அரங்கமே எழுந்தது. பிரபோர்ன் அரங்கை உடைமையாகக் கொண்டிருந்த கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவுக்கும் பம்பாய் கிரிக்கெட் சங்கத்துக்கும் இடையே அனுமதிச்சீட்டுப் பங்கீட்டில் மூண்ட பூசலின் விளைவே வான்கடே அரங்கம். ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் எழுந்த அந்தப் புதிய அரங்கில் 1975 ஜனவரியில் முதல் டெஸ்ட் நடந்தது. திடல் எங்கே என்ற கேள்விக்குள் சீட்டு யார் கையில் என்ற கேள்வி எப்போதும் ஒளிந்திருக்கிறது.

தேர்வுக் களத்தில் மண்டல முறை தந்த விளைவுகள் ஒருமுகமானவை அல்ல. 1971இல் பட்டோடியிடமிருந்து அஜித் வடேகருக்குத் தலைமை மாறியது தேர்வுக்குழுத் தலைவர் விஜய் மெர்ச்சன்டின் தீர்மான வாக்கால். மெர்ச்சன்டும் வடேகரும் பம்பாய்க்காரர்கள் என்பதால் ஐயங்கள் எழுந்தன. அதே ஆண்டில் மேற்கிந்தியத் தீவுகளிலும் இங்கிலாந்திலும் இந்தியா தொடர்களை வென்றது. 1996இல் இங்கிலாந்து சென்ற அணியில் சௌரவ் கங்குலி இடம்பெற்றபோது, கிழக்கு மண்டலத்தின் ஒதுக்கீட்டில் வந்தவர் என்று எள்ளப்பட்டார். லார்ட்ஸில் தம் முதல் டெஸ்டிலேயே 131 ஓட்டங்கள் எடுத்தார். மறுபுறம், ரஞ்சிக் கோப்பையில் 637 விக்கெட்டுகள் வீழ்த்திய ராஜிந்தர் கோயல் ஒரு டெஸ்டில்கூட ஆடவில்லை. அதற்கு மண்டலம் காரணமன்று. அதே காலத்தில் அதே இடக்கைச் சுழலுக்குப் பிஷன் சிங் பேடி இருந்தார். எல்லா அநீதிக்கும் வரைபடத்தையே குற்றவாளியாக்குவது ரசிகருக்கு எளிது. வரலாறு அதற்கு முழுமையாக இணங்குவதில்லை.

பழைய ஐந்து திடல் முறையில் பலரும் எண்ணிப் பாராத ஒரு நன்மை இருந்தது. அது இடத்தோடு காலத்தையும் நிலைப்படுத்தியது. கல்கத்தாவில் ஆங்கிலப் புத்தாண்டை ஒட்டியும் மதராஸில் பொங்கலை ஒட்டியும் டெஸ்ட் நடப்பது மரபாயிற்று. 1961-62, 1966-67, 1972-73 எனப் பல தொடர்களில் ஈடன் தோட்டப் போட்டி புத்தாண்டைத் தொட்டே நடந்தது. 1967, 1975, 1977, 1979, 1980, 1982, 1985, 1988 ஆகிய ஆண்டுகளில் சேப்பாக்கத்தில் ஜனவரி நடுவே டெஸ்ட் நடந்தது. 1988ஆம் ஆண்டின் பொங்கல் டெஸ்டில்தான் மத்தியப் பிரதேசத்தின் நரேந்திர ஹிர்வாணி, தம் முதல் போட்டியிலேயே மேற்கிந்தியத் தீவுகளின் 16 விக்கெட்டுகளை வீழ்த்தினார். மத்திய மண்டலத்தின் இளைஞரைத் தெற்கின் திடல் கொண்டாடிற்று. பண்டிகை விடுமுறையும் போட்டியும் கைகோத்ததால், அலுவலகம் செல்வோரும் மாணவரும் மாதங்களுக்கு முன்பே அந்த நாட்களைக் குறித்துவைக்க முடிந்தது. ஐந்து நாள் ஆட்டத்துக்குப் பார்வையாளர் உருவாவது இப்படித்தான்: ஆண்டுதோறும் திரும்பும் ஒரு வழக்கமாக.

அந்த வழக்கம் தளர்ந்ததற்குப் பணத்தின் திசைமாற்றம் ஒரு பெருங்காரணம். வங்காள கிரிக்கெட் சங்கம் தொடர்பான வழக்கில் 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், அலைவரிசைகள் பொதுச் சொத்து என்றும் அவற்றின் மீது அரசுக்கு முற்றுரிமை இல்லை என்றும் தீர்ப்பளித்தது. அதன்பின் ஒளிபரப்பு உரிமையின் மதிப்பு உயர்ந்துகொண்டே சென்றது. வாயிலில் விற்கும் சீட்டின் மதிப்பு அதற்கேற்பச் சுருங்கியது. அரங்கம் நிறைந்தாலும் வெறுமையாக இருந்தாலும் வருவாயில் பெரிய வேறுபாடு இல்லை என்றான பிறகு, டெஸ்ட் போட்டி வாரியத்தின் உறுப்புச் சங்கங்களுக்குப் பங்கிட்டுத் தரக்கூடிய ஒரு பொருளாயிற்று. ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு வாக்கு. ஒவ்வொரு வாக்குக்கும் ஓர் எதிர்பார்ப்பு. சுழற்சி முறை இவ்வாறு வேரூன்றியது.

அதன் உச்சம் 2016-17. அந்தப் பருவத்தில் இந்தியாவில் நடந்த 13 டெஸ்டுகளில் ஆறு, அதுவரை டெஸ்டே காணாத திடல்களில் நடந்தன: இந்தூர், ராஜ்கோட், விசாகப்பட்டினம், புனே, ராஞ்சி, தர்மசாலா. இவற்றுள் ராஞ்சியின் கதை தனித்தது. மகேந்திர சிங் தோனி தம் முதல் டெஸ்டை 2005 டிசம்பரில் சேப்பாக்கத்தில் ஆடினார். ராஞ்சிக்கு முதல் டெஸ்ட் வந்தது 2017 மார்ச்சில். அதற்கு இரண்டாண்டுகளுக்கும் முன்பே அவர் டெஸ்ட் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். தேர்வுக்குழுவின் பார்வை ராஞ்சியை எட்டிப் பன்னிரண்டு ஆண்டுகள் நெருங்கிய பிறகே டெஸ்ட் போட்டி அந்த நகரை எட்டியது. தம் ஊர் மகன் வெள்ளை உடையில் ஆடுவதை அவ்வூர் மக்கள் தம் திடலில் ஒரு நாளும் காணவில்லை.

2019 அக்டோபரில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக அதே ராஞ்சியில் நடந்த டெஸ்டில் இருக்கைகள் பெரும்பாலும் வெறுமையாகக் கிடந்தன. தொடர் முடிந்தபின் விராட் கோலி, இந்தியாவில் டெஸ்டுக்கென ஐந்து வலுவான மையங்கள் போதும் என்று வாதிட்டார். அறிந்தோ அறியாமலோ அவர் கேட்டது 1958இன் வரைபடத்தை. பெருநகர ரசிகர் பலர் அதை ஆமோதித்தனர். ஆனால் 2025 நவம்பரில் குவாஹாட்டிக்கு முதல் டெஸ்ட் வந்தபோது வாதத்தின் மறுபக்கம் தெரிந்தது. கிழக்கில் பொழுது விரைந்து சாய்வதால், அங்கே தேநீர் இடைவேளை முதலிலும் உணவு இடைவேளை அடுத்தும் வருமாறு ஆட்ட நேரம் மாற்றப்பட்டது. இந்தியா 408 ஓட்டங்களில் தோற்றது. தோல்வியின் அளவு மறக்கப்படலாம். வடகிழக்கின் கதிரவனுக்கேற்ப டெஸ்டின் கடிகாரம் ஒருமுறை திருத்தப்பட்டது நினைவில் நிற்கும். ஐந்து மையங்கள் மட்டுமே என்றால் அந்நாள் வந்திராது.

எனவே, சில மையங்களா, பல மையங்களா என்பது முழுமையான கேள்வியன்று. ராஞ்சியின் வெற்று இருக்கைகள் அவ்வூராரின் ஆர்வமின்மைக்குச் சான்றல்ல. அக்டோபர் மாதத்தில், பண்டிகையோடு பிணையாமல், அடுத்து எப்போது வரும் என்று எவரும் சொல்ல இயலாத ஒரு போட்டிக்கு மரபு உருவாகாது. சேப்பாக்கத்திலேயே 2013க்கும் 2024க்கும் இடையே நடந்த டெஸ்டுகளை ஒரு கையின் விரல்களில் எண்ணிவிடலாம்; பொங்கல் டெஸ்ட் என்பது அங்கும் முதியோரின் நினைவாகச் சுருங்கிவிட்டது. சில திடல்களுக்கு ஆண்டுதோறும் நிலையான நாள், ஒவ்வொரு தொடரிலும் ஒரு போட்டி புதிய ஊருக்கு என்று வகுத்தால் இரு நியாயங்களும் நிறைவேறும். அதற்குத் தேவை பல ஆண்டுகளுக்கு முன்கூட்டியே அறிவிக்கப்படும் ஒரு நாட்காட்டி.

தேர்வு முறையைச் சீர்திருத்தச் சட்டம் ஓரளவு முயன்றிருக்கிறது. லோதா குழுவின் பரிந்துரைகளை 2016 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அதன்படி டெஸ்ட் ஆடிய அனுபவமுள்ள மூவரே தேர்வாளர்களாக இருக்க வேண்டும். 2017இல் அவ்வாறே குழு மூவராகச் சுருங்கியது. பின்னர் ஐவர் முறையே திரும்பியது. ஐந்து என்ற எண்ணின் பிடி அத்தகையது. திடல் ஒதுக்கீட்டுக்கோ இத்தகைய ஆய்வு இன்னும் நேரவில்லை.

மதம், அரச மரபு, மண்டலம், சங்கம் என இந்திய கிரிக்கெட்டைப் பங்கிட்டவர்கள் காலந்தோறும் மாறினர். ஒவ்வொரு பங்கீட்டிலும் யாரோ ஒருவருக்கு வாக்கு இருந்தது. 1969இல் ஈடன் தோட்டத்தின் வாயிலில் இரவெல்லாம் நின்றவருக்கு எந்தப் பங்கீட்டிலும் வாக்கு இருந்ததில்லை, இன்றும் இல்லை.