வீட்டில் விஸ்கி, வைன், பியர்: நம் ஊர் வெப்பத்தில் கவனிக்க வேண்டியவை

சிவப்பு வைனை அறை வெப்பநிலையில் பரிமாற வேண்டும் என்பார்கள். அந்த அறிவுரை குளிர்ந்த ஐரோப்பிய வீடுகளில் பிறந்தது. அங்கு அது 16 முதல் 18 டிகிரி செல்சியஸ். சிங்கப்பூரில் குளிரூட்டி ஓடாத வரவேற்பறையில் 30 டிகிரி சாதாரணம். அந்தச் சூட்டில் மதுவின் நெடி முந்திக்கொள்ளும், பழவாசம் அடங்கிவிடும். சிவப்பு வைனையும் ஒரு மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுப்பதே நமக்குச் சரி.

பல வீடுகளில் போத்தல்கள் அடுப்புக்கு மேலுள்ள அலமாரியில் இருக்கும். அதைவிட மோசமான இடம் கிடையாது. வெயில் படாத, சூடு ஏறாத அறையே நல்லது. தக்கை மூடியுள்ள வைனைப் படுக்கவைக்கலாம், தக்கை காயாது. விஸ்கியை நிமிர்த்தியே வைக்க வேண்டும், அதன் வீரியம் தக்கையை அரித்துவிடும். பச்சைப் போத்தல் பியரில் வெளிச்சம் பட்டால் ஒருவித நாற்றம் வரும். கேனில் அந்தத் தொல்லை இல்லை.

திறந்த வைனை மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து மூன்று முதல் ஐந்து நாளில் முடிப்பது நல்லது. விஸ்கி பல மாதம் தாங்கும்.

வீட்டில் அளந்து ஊற்றுவோர் குறைவு. சிக்கல் அங்குதான் தொடங்குகிறது. 40 விழுக்காட்டு விஸ்கி 30 மில்லிலிட்டரில் ஏறக்குறைய 9.5 கிராம் தூய மது உண்டு. 5 விழுக்காட்டு பியர் 330 மில்லிலிட்டர் கேனில் 13 கிராம். 13 விழுக்காட்டு வைன் 150 மில்லிலிட்டரில் 15 கிராம். “வைன்தானே” என்று நிரப்பும் கிண்ணம், சிறிய விஸ்கியைவிடக் கனமானது. உடல் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 10 கிராம் வரைதான் கழிக்கும். காப்பி குடித்தாலும் குளித்தாலும் அது வேகமாகாது. விருந்தாளி காரில் வந்திருந்தால் இந்தக் கணக்கு இன்னும் முக்கியம்.

இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மதுவைக் கழிக்கும் வேலையில் இருக்கும் கல்லீரலால் ரத்தத்துக்குப் போதிய சர்க்கரையை விடுவிக்க முடியாது. இன்சுலினோ சில வகை நீரிழிவு மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவர் வெறும் வயிற்றில் குடித்தால், பல மணி நேரம் கழித்தும், தூக்கத்திலும்கூட, சர்க்கரை அபாயகரமாக இறங்கலாம். வியர்வை, உளறல், தள்ளாட்டம் எல்லாம் போதை போலவே தோன்றும். “தூங்கட்டும்” என்று விட்டுவிடாமல் சர்க்கரை அளவைச் சோதிக்க வேண்டும். எழுப்ப முடியாவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 995ஐ அழைக்க வேண்டும்.

காரம் தூக்கலான ஆட்டிறைச்சி வறுவலுடன் விஸ்கி சேர்ந்தால் எரிச்சல் கூடும். குளிர்ந்த, இலேசான பியரோ சற்று இனிப்பான வெள்ளை வைனோ பொருந்தும். மணக்கும் விஸ்கியில் ஐஸ் குவித்தால் வாசம் ஒடுங்கிவிடும், சில துளித் தண்ணீர் போதும்.

வீட்டுக்குள் குடிக்க நேரக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் புளோக்கின் கீழ்த்தளம் பொது இடம். 2015 ஏப்ரல் முதல் இரவு 10.30 மணியிலிருந்து காலை 7 மணிவரை அங்கு குடிப்பது குற்றம். கடைகளிலும் அந்நேரத்தில் வாங்கிச் செல்ல முடியாது.

ஜோகூரிலிருந்து வாங்கி வருவோருக்கு வரிச்சலுகை கிடையாது. விஸ்கிக்குத் தீர்வை, தூய மது லிட்டருக்கு 88 வெள்ளி. 40 விழுக்காட்டு 700 மில்லிலிட்டர் போத்தலுக்கு அது 24.64 வெள்ளி, பொருள் சேவை வரி தனி.